மெனுவில் ஒரு பரண்



எங்கள் அத்தைக்கு வயது 74. மணப்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கரன்ட் போன ராத்திரியில்கூட அடுக்களையில் அவர் கை நீட்டினால் பெருங்காய டப்பா கைக்கு வரும், தீப்பெட்டி வரும். நான் மருமகளாக வந்த புதிதில் ஒரு நாள், அவர் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, டப்பாக்களையெல்லாம் துடைத்து உயர வரிசைப்படி அடுக்கி வைத்தேன். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. திரும்பி வந்த அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரசத்தில் மஞ்சள்தூளுக்குப் பதில் கடலைமாவு விழுந்தது.

இருபது வருஷம் கழித்து அதே தப்பை அவருடைய லேப்டாப்பில் செய்தேன். இந்த இதழில் உங்களோடு பேச நினைப்பது அதைத்தான்.

அந்த லேப்டாப் என் கணவர் 11 வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. 4 ஜிபி ரேம். அவர் வேறு வாங்கிக்கொண்டதும் இது அத்தையிடம் வந்து சேர்ந்தது. ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசசர் வேண்டும். எங்கள் லேப்டாப் அந்தப் பரீட்சையில் பெயில்.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில், “இது தேறாது மேடம், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க” என்றார்கள்.

திரை நன்றாக இருக்கிறது. கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. கிழியாத, சாயம் போகாத புடவையை யாராவது பாத்திரக்காரரிடம் போடுவார்களா?

கொழுந்தனார் மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். “ஒரு சனிக்கிழமை என்கிட்ட குடுங்க பெரியம்மா” என்று வாங்கிக்கொண்டு போனான். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினான். விண்டோஸ் இருந்த இடத்தில் லினக்ஸ் மின்ட் போட்டான். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து ஆன் செய்து காட்டினான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரை தயாராக நின்றது.

லினக்ஸ் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். லினக்ஸில் உள்ளே ஓடுவது ஒன்று, நாம் கண்ணால் பார்த்துப் புழங்குகிற முகப்பு வேறொன்று. அந்த முகப்பைத்தான் டெஸ்க்டாப் என்கிறார்கள். பகட்டானவை உண்டு, எளிமையானவை உண்டு. எக்ஸ்எஃப்சிஇ எளிமையான ரகம். 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் என்பவர் தொடங்கியது, இன்றைக்கும் நிதானமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் சின்னம் ஒரு எலி. லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். எங்கள் கிழட்டு லேப்டாப்புக்கு அது கச்சிதமான அளவு.

நமக்கு லினக்ஸ் அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. 2011-ல் தமிழக அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கலாம். ஆன் செய்ததும் ‘எது வேண்டும்’ என்று கேட்குமே, அந்த இரண்டாவது வரியை எத்தனை பேர் தொட்டோம்? நான் தொடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மெனுவுக்கு வருகிறேன்.

திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால், கம்ப்யூட்டரில் இருக்கும் ஆப்கள் எல்லாம் வகை வகையாக விரியும். எக்ஸ்எஃப்சிஇயில் மின்ட் வைத்திருக்கும் மெனுவுக்கு விஸ்கர் மெனு என்று பெயர். விஸ்கர் என்றால் மீசை. எலிச் சின்னத்துக்கு ஏற்றபடி எலி மீசை! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அத்தை அந்தப் பொத்தானை அமுக்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுப்பதுபோல் வாசித்தார்: செல்லுலாய்ட், துனார், ஹிப்னாட்டிக்ஸ், வார்ப்பினேட்டர், டிரான்ஸ்மிஷன், டைம்ஷிஃப்ட்…

“இதெல்லாம் மருந்து பேராடா?” என்று பேரனைக் கேட்டார்.

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? செல்லுலாய்ட் என்றால் வீடியோ பார்க்கிற ஆப் என்று யாருக்குத் தெரியும்? துனார் என்றால் நம் ஃபோல்டர்களைத் திறக்கிற ஆப் என்று எப்படி ஊகிப்பது? எழுதியவர்களுக்குப் பிடித்த பெயரை வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளைக்குப் பெயர் வைக்க அவரவருக்கு உரிமை உண்டு. ஆனால் நம் வீட்டுக்கு வந்தபின் அதை நாம் என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பது நம் விருப்பம் இல்லையா?

லினக்ஸில் அது உண்மையாகவே நம் விருப்பம்தான். அதுவும் எத்தனை சுலபம் என்று பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. மெனுவில் தெரியும் ஒவ்வொரு ஆப்புக்கும் பின்னால் ஒரு சின்ன கோப்பு இருக்கிறது. மளிகைக் கடை டப்பாவில் ஒட்டிய சீட்டு மாதிரி. திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான்: பெயர் என்ன என்று ஒரு வரி, எந்தப் படம் காட்ட வேண்டும் என்று ஒரு வரி, க்ளிக் செய்தால் எதை ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி, எந்த வகையில் சேர வேண்டும் என்று ஒரு வரி. சீட்டில் எழுதியிருப்பதை மாற்றினால் மெனுவில் பெயர் மாறும். டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு மாறாது.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல சமாச்சாரமும் இருக்கிறது. ஒரு காலத்தில் லினக்ஸில் ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தனித்தனி முறையில் மெனு வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு ஹாவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற முயற்சியின் வழியாக, போட்டி டெஸ்க்டாப்காரர்கள் கூடி, ‘சீட்டை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம்’ என்று பொது முறை வகுத்துக்கொண்டார்கள். அதனால் எக்ஸ்எஃப்சிஇயில் நாம் மாற்றி எழுதிய பெயர், நாளைக்கு எல்எக்ஸ்க்யூடி போன்ற வேறொரு இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறினாலும் கூடவே வரும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே காய்கறிக் கணக்கு நோட்டு வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பையன் உற்சாகமாகிவிட்டான். அன்று மாலையே உட்கார்ந்து பத்துப் பதினைந்து சீட்டுகளில் தமிழ்ப் பெயர் எழுதினான். ஃபயர்ஃபாக்ஸ் ‘இன்டர்நெட்’ ஆனது. துனார் ‘என் பீரோ’ ஆனது. அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அத்தை கூப்பிட்டார். “ஏம்மா, என் லேப்டாப்பை யார் தொட்டது? பாதிப் பேர் இங்கிலீஷ்ல மாறியிருக்கு.”

யாரும் தொடவில்லை. முந்தின நாள் அப்டேட் வந்திருந்தது, அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், அந்தச் சீட்டுகள் இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவான இடம். ‘யூஎஸ்ஆர்’ என்ற ஃபோல்டருக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’. இன்னொன்று, நம் சொந்த ஹோம் ஃபோல்டர். புள்ளி வைத்துத் தொடங்கும் ‘லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’. புள்ளி வைத்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அமுக்கினால் தெரியும். பையன் அவசரத்தில் பொது இடத்திலேயே, அட்மின் பாஸ்வேர்டு போட்டு, திருத்திவிட்டான். பொது இடம் கம்ப்யூட்டருக்குச் சொந்தம். அந்த ஆப்புக்கு அப்டேட் வரும்போது புதுச் சீட்டும் சேர்ந்து வந்து பழையதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். வாடகை வீட்டுச் சுவரில் படம் வரைந்த கதைதான். வீட்டுக்காரர் வெள்ளையடித்தால் போச்சு.

சரியான முறை இதுதான்: பொது இடத்தில் இருக்கும் சீட்டைத் தொடாமல், அதைப் பிரதி எடுத்து, அதே கோப்புப் பெயரோடு ஹோம் ஃபோல்டரில் வைத்து, அந்தப் பிரதியில் எழுத வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், நம் ஹோமில் இருப்பதற்குத்தான் முதல் மரியாதை. அப்டேட் எத்தனை வந்தாலும் இதை யாரும் தொட மாட்டார்கள். பழையபடி வேண்டும் என்று தோன்றினால் பிரதியை நீக்கிவிட்டால் போதும், ஒரிஜினல் அங்கேயே பத்திரமாக இருக்கும்.

இன்னொரு இடத்திலும் அவன் முட்டிக்கொண்டான். அத்தைக்காகக் கம்ப்யூட்டரின் மொழியையே தமிழாக மாற்றி வைத்திருந்தோம். ஒரு ஆப்பின் சீட்டில் ‘நேம்’ என்ற வரியைத் திருத்தி, சேமித்து, மெனுவைத் திறந்தால் பழைய பெயரே சிரிக்கிறது. திரும்பத் திரும்பத் திருத்தினான். அரைமணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், அதே சீட்டில் கொஞ்சம் கீழே, ‘நேம்’ என்று எழுதிச் சதுர அடைப்புக்குள் ‘டிஏ’ என்று போட்ட இன்னொரு வரி இருந்தது. டிஏ என்றால் தமிழ். கம்ப்யூட்டர் தமிழில் ஓடும்போது அது அந்த வரியைத்தான் படிக்கும், மேலே இருப்பதைச் சீந்தாது. யாரோ ஒரு தன்னார்வலர், எங்கோ உட்கார்ந்து, காசு வாங்காமல் நமக்காகத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிய வரி அது. அரைமணி நேரம் வீணான எரிச்சல் எனக்கு அங்கேயே போய்விட்டது.

இப்படிக் கோப்பைத் திறந்து எழுதுவதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நியாயம். அதற்கு மெனுலிப்ரே என்று ஒரு கருவி இருக்கிறது. கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி இறக்கிக்கொள்ளலாம், இலவசம். இடது பக்கம் மெனு முழுவதும் மரம்போலத் தெரியும். ஒன்றைத் தொட்டால் வலது பக்கம் அதன் பெயர், விளக்கம், படம் எல்லாம் வரும். பெயரின் மேல் அடித்து எழுதலாம். மேலும் கீழும் நகர்த்தலாம். புதிதாக ஒரு வகையைச் சேர்க்கலாம். பொது இடம், சொந்த இடம் என்ற கவலையும் வேண்டாம். அதுவே நம் ஹோம் ஃபோல்டரில்தான் எழுதும்.

முக்கியமாக, ‘மெனுவில் காட்டாதே’ என்று அதில் ஒரு வசதி உண்டு. இதை நான் பரண் என்று சொல்வேன். மாவிளக்குத் தட்டு, பெரிய இட்லிக் கொப்பரை, சீர்வரிசை அண்டா எல்லாம் தினமும் கண்ணில் பட வேண்டியதில்லை. அதற்காகத் தூக்கியும் போட மாட்டோம். பரணில் ஏற்றிவைப்போம், வேண்டும்போது இறக்குவோம். மெனுவில் மறைப்பதும் அதே. ஆப் அழியாது, கண்ணில் படாது. அன்இன்ஸ்டால் செய்தால்தான் அது பாத்திரக்காரரிடம் போட்ட கணக்கு.

விஸ்கர் மெனுவிலேயே ஒரு ஆப்பின் மேல் வலது க்ளிக் செய்தாலும் மறைக்கும் வசதி வரும். ஆனால் பரணில் ஏற்றுவது சுலபம், ஏணி எங்கே என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஏற்றுங்கள். அந்த வழியில் மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர, ஹோம் ஃபோல்டரில் உள்ள சீட்டைத் தேடி நீக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

பத்திரிகை ஆசிரியர் ஆயிற்றே, வகை பிரிப்பதும் தலைப்பு வைப்பதும் என் தொழில் அல்லவா? ஒரு விடுமுறை நாளில் மெனுலிப்ரேயைத் திறந்து உட்கார்ந்தேன். மல்டிமீடியா என்ற வகைக்குப் ‘பல்லூடகம்’ என்று பெயர் வைத்தேன். கிராஃபிக்ஸ் ‘வரைகலை’ ஆனது. ஆபீஸ் ‘அலுவலகம்’ ஆனது. அக்சஸரீஸ் ‘துணைக்கருவிகள்’. அத்தைக்குத் தேவைப்படாது என்று நான் நினைத்ததையெல்லாம் பரணில் ஏற்றினேன். அழகான, ஒழுங்கான, தமிழான மெனு. போட்டோ எடுத்து எடிட்டோரியல் குழு வாட்ஸ்அப்பில்கூடப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை வந்து உட்கார்ந்தார்.

“பல்லூடகமா? இது என்ன, பல் டாக்டர் சமாச்சாரமா?”

“இல்ல அத்தை, பாட்டு, படம் எல்லாம்…”

“அப்ப ‘பாட்டு படம்’னே போட வேண்டியதுதானே?” அடுத்த வரிக்குப் போனார். “அலுவலகம் எனக்கு எதுக்கும்மா? ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷமாச்சு.”

அந்த ‘அலுவலக’த்துக்குள்தான் அவர் வீட்டுக் கணக்கு எழுதும் லிப்ரேஆபீஸ் கால்க் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரமாக அவர் அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பழையபடி டைரியில் பேனாவால் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கடலைமாவு ரசம் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த இடத்தை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. சொந்த வீட்டில், சொந்த மொழியில், ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன். நம்மில் பலர் இதைத்தானே செய்கிறோம்? அப்பாவின் போனை வாங்கி நாமே ஆப்களை அடுக்குகிறோம், அம்மாவின் டிவி ரிமோட்டில் நமக்குப் பிடித்த வரிசையில் சேனல் வைக்கிறோம். பிறகு, “எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது?” என்று சலித்துக்கொள்கிறோம்.

மறுநாள் ஒரு மணி நேரம் அத்தையோடு உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். “நீங்க லேப்டாப்பைத் திறந்தா முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேப்பர் படிப்பது. சுப்ரபாதம் போடுவது. வெள்ளிக்கிழமை பெங்களூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் பேசுவது. மாசம் முதல் தேதி பென்ஷன் வந்ததா என்று பார்ப்பது. கரன்ட் பில். வீட்டுக் கணக்கு. பழைய போட்டோக்கள். பிரிண்ட் எடுப்பது. எண்ணினால் எட்டு.

அந்த எட்டில் ஒன்றுகூட, நான் பிரித்துவைத்த வகைகளின்படி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வகைகள் ஆப் எழுதுகிறவர்கள் பார்க்கும் விதம். அத்தை பார்க்கும் விதத்தில் ‘காலை’ இருக்கிறது, ‘பேத்தி’ இருக்கிறது, ‘பணம்’ இருக்கிறது. அப்படியே மூன்று வகை புதிதாகச் செய்தோம். பெயர் அவர் சொன்னது, தட்டச்சு நான். ‘பணம்’ என்பதை மாற்றி ‘காசு விஷயம்’ என்றார். சரி என்று அப்படியே எழுதினேன்.

எழுத்தும் படமும் சின்னதாக இருக்கிறது என்றார். விஸ்கர் மெனுவின் பொத்தான் மேல் வலது க்ளிக் செய்து அமைப்புகளுக்குப் போனால், படங்களின் அளவைப் பெரிதாக்க முடிகிறது. ஆக்கினோம். அடிக்கடி தொடுகிற நாலு ஆப்களை மெனுவில் முதலில் தெரியும் ‘பிடித்தவை’ பகுதியில் சேர்த்தோம். வலது க்ளிக் செய்தாலே அதற்கும் வழி இருக்கிறது.

ஒரு விஷயம் பையன் செய்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மெனுவில் தேடும் கட்டம் ஒன்று உண்டு. அத்தைக்குத் தமிழ் கீபோர்டு இன்னும் பழகவில்லை, இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார். அதனால் ஒவ்வொரு சீட்டிலும் விளக்கம் எழுதும் வரியில், பாட்டு, கணக்கு, போட்டோ என்ற சொற்களை இங்கிலீஷ் எழுத்திலும் எழுதிவைத்தான். மெனு அந்த வரியிலும் தேடும். இப்போது அத்தை ஒரு விரலால் ‘பாட்டு’ என்று இங்கிலீஷில் தட்டினால், பாட்டுப் பெட்டி மேலே வந்து நிற்கிறது.

‘காசு விஷயம்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது விளையாட்டல்ல. நாம் என்ன செய்கிறோம்? வங்கிப் பெயரைக் கூகுளில் அடிக்கிறோம், மேலே வருவதைத் தொடுகிறோம். அங்கேதான் போலித் தளங்களும் போலி கஸ்டமர் கேர் நம்பர்களும் வலை விரித்து உட்கார்ந்திருக்கின்றன. லினக்ஸ் மின்ட்டில் ‘வெப் ஆப்ஸ்’ என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் அதை மெனுவில் தனி ஆப்பாகவே வைத்துவிடும். வங்கியின் பாஸ்புக்கில் அச்சாகியிருக்கும் முகவரியை, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, ஒரே ஒரு தடவை அடித்தேன். கரன்ட் பில்லுக்கும் அப்படியே. இனி அத்தை தேட வேண்டியதில்லை, தொட்டால் சரியான வாசலில் போய் நிற்கும். பாஸ்வேர்டை மட்டும் அதில் சேமித்து வைக்கவில்லை. அது அவர் மனசில் இருக்கிறது. இத்தனைக்கும் மீறி ஏதாவது ஏமாற்று நடந்தால் உடனே அழைக்க வேண்டிய சைபர் க்ரைம் எண் 1930, அதை லேப்டாப் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். நீங்களும் ஒட்டிவையுங்கள்.

பரணில் எதை ஏற்றக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை அப்டேட் மேனேஜரையும் பிரிண்டர் அமைப்பையும் மறைத்துவிட்டேன். அத்தைக்கு அது எதற்கு என்று நினைப்பு. பிரிண்டர் மக்கர் செய்த அன்று, பையனும் பரீட்சை ஹாலில் இருந்தான், நானும் ஆபீசில் இருந்தேன். போனில் “செட்டிங்ஸ்ல பிரிண்டர்னு இருக்கும் பாருங்க அத்தை” என்று நான் சொல்ல, “இங்க அப்படி ஒண்ணும் இல்லையே” என்று அவர் சொல்ல… இல்லாமல் செய்ததே நான்தான். இப்போது அப்டேட், பிரிண்டர், வைஃபை, பேக்கப் எடுக்கும் டைம்ஷிஃப்ட் நான்கையும் ‘ரிப்பேர்’ என்று ஒரு வகைக்குள் வைத்திருக்கிறோம்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: கேம்ஸை இப்படி மறைத்து வைத்துவிடலாமா? மறைக்கலாம். ஆனால் அது பூட்டு அல்ல, திரைச்சீலை. இன்றைய பிள்ளைகளுக்கு வேறு வழியில் அதைத் திறக்க ஐந்து நிமிஷம் ஆகாது. அதைவிட, பிள்ளைக்குத் தனி யூசர் அக்கவுன்ட் வைத்துக் கொடுங்கள். மெனு ஒவ்வொருவருடைய ஹோம் ஃபோல்டரில் இருப்பதால், ஒரே லேப்டாப்பில் பாட்டிக்கு ஒரு மெனு, பேரனுக்கு ஒரு மெனு என்று சண்டையில்லாமல் ஓடும்.

இன்னும் பழைய, 1 ஜிபி ரேம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சிலர் ஓப்பன்பாக்ஸ் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வெற்றுத்திரையில் வலது க்ளிக் செய்தால் மெனு வரும். பொதுவாக அது கையால் வரி வரியாக எழுதிய தனிக் கோப்பு. சீட்டுமுறை அதற்குப் பொருந்தாது. பொறுமையும் ஆசையும் உள்ளவர்களுக்கு அது ஒரு கோலம் போடுகிற சுகம். எனக்குப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பீரோவுக்குமேல் ஒரு பழைய லேப்டாப் தூசி படிந்து கிடக்கலாம். புதுசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் வசதி. ஆனால் அதை எடுத்துத் தட்டி, யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் ஒரு மணி நேரம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். உங்கள் பட்டியலை அல்ல, அவர்கள் பட்டியலை எழுதுங்கள். எப்படி வந்தது என்று எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நல்ல வகைப் பெயர்கள் இருந்தால் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

போன வாரம் அத்தையின் லேப்டாப்பில் ஒரு பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். மெனுவைத் திறந்தால், நான் வைக்காத ஒரு புது வகை: ‘சும்மா’. பையன் வரவில்லை. அத்தையே மெனுலிப்ரேயைத் திறந்து செய்திருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தேன். சீட்டு விளையாட்டு ஒன்று. அதற்குக் கீழே, நான் முதல் நாளே ‘காலை’ என்ற வகையில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்திருந்த நம் பத்திரிகையின் இணையப் பக்கம்.

“என்ன அத்தை, நம்ம பத்திரிகையைப் போய் ‘சும்மா’வில போட்டிருக்கீங்க?”

அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சும்மா இருக்கறப்பதானேம்மா படிக்கிறேன்.”

நான் அதை நகர்த்தவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்